சுண்டைக்காய்க்கு எது சொந்த ஊர்?

தாய்லாந்துச் சமையலை வீட்டில் செய்வது பற்றியும், நம் அடுப்படிக்கு வரும் பயிர்களின் பூர்வீகம் பற்றியும் சேலம் மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். அளவுகள் நான்கு பேருக்கு. கப் என்பது 200 மில்லி. டேபிள்ஸ்பூன் என்பது மூன்று டீஸ்பூன்.

தாய் கிரீன் கறி செய்தேன். தேங்காய்ப்பால் திரிந்துவிடுமோ என்று பயந்து கடைசியில்தான் ஊற்றினேன். குழம்பு முழுக்கப் பச்சை வாசனை. எங்கே தவறு?
– வாசகி, அம்மாபேட்டை

பால் திரியக்கூடாது என்று நினைத்ததுதான் தவறு. சொதிக்கும் ஸ்டூவுக்கும் நாம் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுவோம். எண்ணெய் பிரிந்தால் கைப்பக்குவம் போதாது என்போம். தாய் முறை இதற்கு நேர் தலைகீழ். கெட்டிப் பாலை முதலிலேயே சட்டியில் விட்டு, வேண்டுமென்றே திரியவைத்து, பிரிகிற எண்ணெயிலேயே விழுதை வதக்குவார்கள். கெட்டிப் பாலுக்கு அங்கே 'ஹுவா கத்தி' என்று பெயர். பாலின் தலை என்று பொருள். இரண்டாம் பாலுக்குப் பாலின் வால் என்று பொருள்படும் பெயர். தலை வதக்குவதற்கு, வால் வேகவைப்பதற்கு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முற்றிய பெரிய தேங்காய் ஒன்றைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து பிழியுங்கள். மிக்ஸியில் ஓட்டினாலும் சரி, ஆனால் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பாலை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மேலே ஏடு கட்டும். அந்த ஏட்டில் முக்கால் கப் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கையில் ஒன்றரை கப் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுத்து, ஏடு எடுத்தபின் அடியில் நின்ற பாலையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

அடி கனமான சட்டியில் ஏட்டை ஊற்றி மிதமான தீயில் கிளறுங்கள். ஆறு முதல் எட்டு நிமிடத்தில் பாதியாக வற்றி, ஓரத்தில் எண்ணெய் முத்துமுத்தாகத் தெரியும். பாலில் கொழுப்பையும் தண்ணீரையும் கட்டி வைத்திருப்பது புரதம். சூட்டில் அது பிடியை விடும்போதுதான் எண்ணெய் வெளியே வரும். பாக்கெட் பாலில் இது நடக்காமல் போவதற்குக் காரணம், பிரியாமல் இருக்கவென்றே அதில் சேர்க்கும் பொருள்கள். பாக்கெட்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயைச் சட்டியில் விட்டுத் தொடங்குங்கள்.

எண்ணெய் தெரிந்ததும் கறி விழுது நான்கு டேபிள்ஸ்பூன் (விழுதின் அளவு அடுத்த பதிலில்). மூன்று, நான்கு நிமிடம் விடாமல் வதக்கினால் மூக்கில் ஏறும் நெடி அடங்கி, எண்ணெய் பச்சை நிறத்தில் மேலே மிதக்கும். உங்கள் குழம்பில் விட்டுப்போன கட்டம் இது. எலும்பில்லாத கோழி 350 கிராம் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, இரண்டாம் பாலை ஊற்றுங்கள். கொதித்ததும் மீன் சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன், பனைவெல்லம் இரண்டு டீஸ்பூன், நான்காக வெட்டிய பச்சைக் கத்தரிக்காய் நான்கு. பத்து நிமிடம் வேகட்டும். இறக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி திருநீற்றுப் பச்சிலையைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். ஆம், சப்ஜா விதை காய்க்கும் அதே செடிதான். தாய்க்காரர்கள் 'ஹோரபா' என்று சொல்வது அதன் இனத்தில் ஒரு வகை. சோம்பு வாசனை சற்றுத் தூக்கலாக இருக்கும். கருப்பட்டி வேண்டாம், குழம்பைக் கறுக்க வைத்து, அதன் புகை மணம் மற்றதை எல்லாம் மூடிவிடும். வெளிர் நிறப் பனைவெல்லம் கிடைக்காவிட்டால் நல்ல மஞ்சள் வெல்லமே மேல்.

கொல்லையில் எலுமிச்சைப்புல் புதராக மண்டிக் கிடக்கிறது. கறி விழுதுக்கு அரைத்தால் வாயில் நாராகச் சிக்குகிறது. எந்தப் பாகத்தை எடுக்க வேண்டும்? விழுதின் அளவும் சொல்லுங்கள்.
– வாசகர், ஏற்காடு

எலுமிச்சைப்புல்லில் இரண்டு வகை உண்டு. தைலம் எடுக்கவென்று வளர்க்கும் மலபார் வகையின் தண்டு மெலிந்து நார் மிகுந்திருக்கும். சமையலுக்கானது அடித்தண்டு வெங்காயத்தாள் போலப் பருத்திருக்கும் வகை. உங்கள் புதரில் ஒரு தூரை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். அடி சுண்டுவிரல் பருமனாவது இருந்தால் விழுதுக்கு ஆகும். ஈர்க்குச்சி போல இருந்தால் டீயில் போடவும் ரசத்தில் முழுதாகப் போட்டு எடுக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்த தண்டானாலும் அடியிலிருந்து மூன்று, நான்கு அங்குலம்தான் விழுதுக்கு. வெளி மடல் இரண்டை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே ஊதாக் கோடு தெரியும் வரை காகிதம் போல மெல்லிசாக, குறுக்கே நறுக்க வேண்டும். நீளவாக்கில் நறுக்கினால் எந்த மிக்ஸியாலும் நாரை வெட்ட முடியாது. மேல் தாளை முடிச்சுப் போட்டுச் சூப்பில் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.

விழுதுக்கு வேண்டியவை: இரண்டு தண்டு எலுமிச்சைப்புல்; நறுக்கிய பேரரத்தை ஒரு டேபிள்ஸ்பூன்; வேரும் அடித்தண்டுமாகக் கொத்தமல்லி நான்கு; காரம் குறைந்த நீளப் பச்சை மிளகாய் எட்டு, அதோடு காந்தாரி மிளகாய் ஐந்து; பூண்டு ஆறு பல்; சின்ன வெங்காயம் ஐந்து; வறுத்த தனியா ஒரு டீஸ்பூன்; சீரகம் அரை டீஸ்பூன்; வெள்ளை மிளகு அரை டீஸ்பூன்; கல் உப்பு ஒரு டீஸ்பூன்; இறால் விழுது ஒரு டீஸ்பூன். தாய் எலுமிச்சை என்னும் மக்ருட்டின் தோல் சீவல் ஒரு டீஸ்பூன் சேர வேண்டும். அதன் இலையைக் கண்டுபிடிப்பது எளிது: இரண்டு இலையைத் தலையும் வாலுமாக ஒட்டிவைத்தது போல இருக்கும். கிடைக்காத இடத்தில் நாட்டு எலுமிச்சைத் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் சீவிப் போட்டு, இலைக்கு நாரத்தையின் இளந்தளிரை நடு நரம்பை நீக்கி நூலாக நறுக்கிப் போடலாம். நாரத்தை, எலுமிச்சை இலைகளில் வேப்பிலைக்கட்டி இடித்துப் பழகிய வீட்டில் இந்த மணம் புதிதல்ல.

அம்மி இருக்கும் வீட்டில் மிக்ஸியைத் தொட வேண்டாம். வரிசைதான் முக்கியம். உப்பும் உலர்ந்த மசாலாவும் முதலில். பிறகு நாருள்ளவை: புல், அரத்தை, தோல், மல்லி வேர். அவை மசிந்த பிறகே மிளகாய். தண்ணீர் விடும் பூண்டும் வெங்காயமும் அதற்கும் பின். இறால் விழுது கடைசி. வெங்காயத்தை முதலில் வைத்தால் ஈரத்தில் நார் வழுக்கிக்கொண்டே போகும். எத்தனை இழுப்பு இழுத்தாலும் மசியாது. மிக்ஸிதான் என்றால் தண்ணீருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு டேபிள்ஸ்பூன். தண்ணீர் விட்ட விழுது சட்டியில் வதங்காது, கொதிக்கும்.

உழவர் சந்தையில் கொத்தமல்லியை வேரோடுதான் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வெட்டிக் குப்பையில் போடுகிறோம். பூண்டு, மிளகு, மல்லி வேர் மூன்றையும் சேர்த்து இடித்ததைத் தாய்ச் சமையலில் 'மூன்று தோழர்கள்' என்கிறார்கள். மண்ணைக் கழுவி, வேரை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்து வாருங்கள்.

பேரரத்தையை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்ததாக வாங்கினால் விழுதுக்கு உதவாது. மரக்கட்டை போலக் கிடக்கும், மருந்து நெடி தூக்கும். சூப்பில் நான்கு துண்டு போடலாம், அவ்வளவே. இஞ்சியும் ஈடாகாது. பச்சைக் கிழங்கு ஒரு துண்டு கிடைத்தால் அரை நிழலில், தண்ணீர் தேங்காத மண்ணில் ஊன்றுங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து நிழல் அதற்கு ஒத்துப்போகும். ஓர் ஆண்டு பொறுத்தால் வெட்டலாம். விழுதுக்கு இளங்கிழங்கு, சூப்புக்கு முற்றல்.

படத்தில் பார்த்த கிரீன் கறியில் சுண்டைக்காய் மாதிரி மிதக்கிறது. அது என்ன காய்?
– வாசகி, வாழப்பாடி

சுண்டைக்காயேதான். தாய் மொழியில் 'மக்குவா புவாங்', அதாவது கொத்துக் கத்தரி. பச்சைக் காயைக் காம்பு நீக்கி, கால் கப் அளவு, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு முழுசாகப் போட வேண்டும். பல்லில் கடிபடும்போது வரும் சிறு கசப்பு, தேங்காய்ப்பாலின் திகட்டலை வெட்டுகிறது. வற்றலைப் போடாதீர்கள், மோரும் உப்பும் ஏறியிருக்கும்.

இந்தச் செடியை நம் வேலியோரத்தில் பார்த்துப் பார்த்து, நமக்கே உரியது என்று நினைத்துவிட்டோம். தாவரவியலார் அதன் பிறப்பிடமாகச் சொல்வது மத்திய அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும். கத்தரிக்கு நெருங்கிய உறவு. வேர் உறுதி அதிகம், மண்ணிலிருந்து வரும் வாடல் நோயைத் தாங்கும். அதனால்தான் கத்தரியைச் சுண்டை வேரில் ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். கத்தரியோ ஆசியாவின் பயிர். அமெரிக்கக் கால், ஆசியத் தலை.

மிளகாய் தாய்லாந்திலிருந்து நமக்கு வந்ததா, நம்மிடமிருந்து அங்கே போனதா? அதன் காரத்தைக் குறைக்க என்ன வழி?
– வாசகர், ஆத்தூர்

இரண்டும் இல்லை. இரு நாட்டுக்குமே அது வந்தேறி. மெக்சிகோ பகுதியில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிரான செடி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல் வழிகளில் ஆசியாவுக்கு வந்தது. போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். மலாக்காவைப் பிடித்தது 1511இல். அதே 1511இல் அவர்களின் தூதர் துவார்த்தே பெர்னாண்டஸ், சயாம் என்று அப்போது அழைக்கப்பட்ட தாய்லாந்தின் தலைநகர் அயுத்தயாவின் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். நமக்கும் சயாமுக்கும் மிளகாய் வந்த காலம் ஏறக்குறைய ஒன்றே.

அதற்குமுன் இரண்டு அடுப்படியிலும் உறைப்புக்கு மிளகு. புதிய காய் வந்ததும் நாம் மிளகு போல உறைக்கும் காய் என்று மிளகாய் ஆக்கிக்கொண்டோம். தாய் மொழியில் நடந்தது இன்னும் ருசிகரம். 'பிரிக்' என்பது மிளகைக் குறித்த சொல். மிளகாய் வந்து அந்தப் பெயரையே பிடுங்கிக்கொள்ள, பழைய மிளகை 'பிரிக் தாய்', தாய் நாட்டு மிளகு, என்று அடைமொழி போட்டு அழைக்க வேண்டியதாயிற்று. அந்த மிளகுக்கோ பூர்வீகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை.

காரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உறைப்பு விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் பெரும்பங்கு. காரம் குறைய வேண்டுமானால் அதைச் சுரண்டி எடுங்கள். உறைப்புப் பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் தேங்காய்ப்பால் அதை ஆற்றுகிறது, சொம்புத் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் நிற்பதில்லை. பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரியாது. பழத்தை விழுங்கி, விதையைச் சேதமில்லாமல் தூரத்தில் போடும். காந்தாரி, யாரும் நடாத இடத்தில் முளைத்து நிற்பது அப்படித்தான்.

பப்பாளிக்காய் சாலட் (சோம் தம்) செய்தால் பத்து நிமிடத்தில் தட்டு நிறையத் தண்ணீர். காய் துவண்டுபோகிறது.
– வாசகி, ஓமலூர்

மூன்று இடத்தில் தவறலாம்: காய், உரல், நேரம்.

உள்ளே விதை இன்னும் வெள்ளையாக இருக்கும் காய்தான் வேண்டும். சதையில் லேசான மஞ்சள் ஏறியிருந்தாலும் சர்க்கரை சேர்ந்துவிட்டது, தண்ணீர் விடும். தோலைச் சீவிப் பாலைக் கழுவி, நூலாகத் துருவிய 300 கிராமை ஐஸ் தண்ணீரில் பதினைந்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். பலர் ஒற்றுவதில்லை. தட்டில் நிற்கும் தண்ணீரில் பாதி அதுதான்.

தாய்லாந்தில் கறி விழுதுக்குக் கல் உரல், சோம் தம்முக்கு மண் உரலும் மர உலக்கையும். கல்லில் குத்தினால் காய் நசுங்கிச் சாறு கக்கும். ஆழமான மண் சட்டியும் மர மத்தின் தலையும் போதும். பூண்டு இரண்டு பல், காந்தாரி மூன்று, பனைவெல்லம் ஒரு டேபிள்ஸ்பூன் ஆகியவற்றை முதலில் இடியுங்கள். இரண்டு அங்குலமாக ஒடித்த காராமணிக்காய் இரண்டைப் போட்டு ஒரு தட்டு. எலுமிச்சைச் சாறு இரண்டு டேபிள்ஸ்பூன், மீன் சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன். வெல்லம் கரைந்ததும் எட்டாக வெட்டிய நாட்டுத் தக்காளி ஒன்று. பிறகுதான் பப்பாளி. ஒரு கையில் மத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே மறு கையில் கரண்டியால் புரட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு தட்டு போதும். வறுத்த நிலக்கடலை இரண்டு டேபிள்ஸ்பூன் மேலே தூவி உடனே பரிமாறுங்கள். உப்பு பட்ட காய் தண்ணீர் விடத்தான் செய்யும். சாப்பிட உட்கார்ந்த பிறகு கலப்பது ஒன்றே வழி.

கர்ப்பிணிகளுக்குப் பப்பாளிக்காய் வேண்டாம். அவர்களுக்கு இதே அளவில் கிளிமூக்கு மாங்காயைத் துருவி, எலுமிச்சைச் சாற்றைப் பாதியாகக் குறைத்துச் செய்து கொடுங்கள். மாங்காய்ப் பருவத்தில் எல்லோருக்குமே அது பப்பாளியைவிட நன்றாயிருக்கும் என்பது எங்கள் கருத்து.

இந்த ஒரு தட்டைப் பிரித்துப் பாருங்கள். பப்பாளி, மிளகாய், தக்காளி, நிலக்கடலை நான்கும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. காராமணியின் மூதாதை ஆப்பிரிக்காவில். பூண்டு மத்திய ஆசியா. எலுமிச்சையும் பனையும்தான் இந்தப் பக்கத்தவை. ஆனாலும் லாவோஸ், வடகிழக்குத் தாய்லாந்து மக்களின் கையில்தான் இது சோம் தம் ஆனது.

சைவக் குடும்பம். மீன் சாஸும் இறால் விழுதும் இல்லாமல் சுவை வருமா?
– வாசகர், சங்ககிரி

வரும். சோயா சாஸை மீன் சாஸின் அளவிலேயே ஊற்றினால் உப்பு குறையும், நிறம் கறுக்கும். மீன் சாஸில் உப்பு மிக அதிகம். ஒரு டேபிள்ஸ்பூன் மீன் சாஸுக்கு, 'லைட்' என்று போட்ட சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனும் கால் டீஸ்பூன் உப்பும் சரியான ஈடு. கெட்டியான கறுப்பு சோயா சாஸ் வேண்டாம். கிரீன் கறி பழுப்பாகிவிடும். இறால் விழுதுக்குப் பதில், காய்ந்த காளானை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்த தூள் ஒரு டீஸ்பூன். புளிக்க வைத்த சோயா விழுது கிடைத்தால் அதே அளவு.

கடையில் வாங்கும் கறி விழுது டப்பாக்களில் பெரும்பாலும் இறால் உண்டு. படத்தில் காய்கறி மட்டும் இருப்பதை நம்பாமல் சேர்மானங்களைப் படியுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

அசைவ வீடுகளில் இறால் விழுது கிடைக்காவிட்டால் சென்னாக்குன்னி ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து, மண் போக அலசி, ஈரம் போக வறுத்து, விழுதோடு இடித்துக்கொள்ளலாம்.

குச்சிக்கிழங்கு சேலத்துப் பயிர்தானே? ஜவ்வரிசியில் தாய் இனிப்பு செய்தால் கரைந்து கூழாகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகி, சேலம்

குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி, சேலத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பயிர் என்பது சரி. 1940களில், போரினால் கீழை நாடுகளிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றபோது இங்கே தொடங்கிய தொழில் அது. சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு 1981இல் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கின் தாயகமோ தென் அமெரிக்கா, அமேசான் படுகையின் தெற்கு ஓரம். போர்த்துக்கீசியர் அதைக் கடல் கடத்தினார்கள். திருவிதாங்கூரில் 1880களில் பஞ்சத்தைச் சமாளிக்க மன்னர் விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். இன்று மரவள்ளிப் பொருள்களை உலகில் அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு தாய்லாந்து.

ஜவ்வரிசியும் ஆதியில் கிழங்கிலிருந்து வந்ததல்ல. நியூ கினி, மொலுக்கஸ் பக்கத்துச் சேகோ பனையின் தண்டைப் பிளந்து எடுத்த மாவில் செய்தது. தாய் மொழியில் இன்றும் அதன் பெயர் 'சாகு'. மாவு மாறிவிட்டது, பெயர் நின்றுவிட்டது.

இனி உங்கள் கூழ். ஜவ்வரிசியை ஊறவைக்காதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பேற்றாதீர்கள். மணியின் மேற்பரப்பு வேகுமுன் கரைந்துவிடும். அரை கப் ஜவ்வரிசிக்கு ஐந்து கப் தண்ணீர். தளதளவென்று கொதிக்கும்போது தூவி, முதல் ஒரு நிமிடம் அடி பிடிக்காமல் கிளறி, பிறகு தொடாமல் விடுங்கள். சிறு மணி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கண்ணாடியாகி, நடுவில் ஊசிமுனை வெள்ளை மட்டும் நிற்கும். அடுப்பை அணைத்து மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் அதுவும் மறையும். வடிகட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் மணி மணியாக இருக்கும். நைலான் ஜவ்வரிசி உருக்குலையாமல் நிற்கும். வெள்ளை வெளேரென்ற சாதா ஜவ்வரிசி சீக்கிரம் குழையும், நேரத்தைக் குறையுங்கள்.

தனியாக ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பாலில் மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு போட்டுச் சூடேற்றுங்கள், கொதிக்க வேண்டாம். இங்கே மட்டும் பால் திரியக்கூடாது. வேகவைத்த மக்காச்சோள முத்து அரை கப், ஜவ்வரிசி சேர்த்துக் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுங்கள். உப்பைக் கண்டு தயங்காதீர்கள். தாய் இனிப்புகளில் தேங்காய்ப்பாலுக்கு உப்பு போட்டே ஆக வேண்டும்.

கிழங்கைப் பற்றி ஒன்று. மில்லுக்குப் போகும் ரகங்களில் சில கசப்பானவை. கசப்பு என்றால் சயனைடு தரும் பொருள் மிகுதி. தடித்த தோலை முழுக்க உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். வெந்த பின்னும் கசந்தால் சாப்பிடவே வேண்டாம்.

இத்தனையும் வெளிநாட்டுப் பயிர் என்றால் நமக்கென்று என்ன மிச்சம்? எதை வைத்து இந்தப் பயிர் இந்த நாட்டது என்று சொல்கிறார்கள்?
– வாசகர், எடப்பாடி

மிச்சம் நிறைய. துவரை இந்த நாட்டில் பயிரானது. மிளகும் ஏலமும் நம் மலைகளில். முருங்கை இமயத்தின் அடிவாரம். கத்தரி, மா, வெள்ளரி, எள் எல்லாம் இந்தப் பக்கத்தவை. ஆனால் நமக்கு மிகவும் நெருங்கிய புளியே ஆப்பிரிக்கக் காட்டு மரம். பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம். வாழையின் மூலம் நியூ கினி வரை போகிறது.

ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் வவிலோவ் 1926இல் முன்வைத்த வழி இது: ஒரு பயிரின் ரகங்களும் அதன் காட்டு உறவுகளும் எங்கே மிகுதியாகச் செறிந்திருக்கின்றனவோ அங்கே தாயகத்தைத் தேடு. பிற்பாடு அகழாய்வில் கிடைத்த விதைகளும் மரபணுச் சோதனையும் அதைத் திருத்தி நுட்பமாக்கின. பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். மிளகாயில் ஓர் இனத்துக்கு, சீனத்தது என்று பொருள்படும்படி, 1776இல் ஜாக்குவின் என்ற தாவரவியலார் பெயர் வைத்தார். அது தென் அமெரிக்கச் செடி. தவறு இன்றும் பெயரில் நிற்கிறது.

ஆனால் பெயர்கள் பயணத்தைச் சொல்லும். தாய் மொழியில் 'பரங்' என்றால் வெள்ளைக்காரர். கொய்யாவுக்கும் அதே பெயர். நம் 'பறங்கி'யும் அதே வேரில் வந்த சொல். நாம் அரசாணி என்று அழைக்கும் காய்க்கு மற்ற ஊர்களில் பறங்கிக்காய். தக்காளியைத் தாய்க்காரர்கள் சீமைக் கத்தரி என்கிறார்கள். நமக்குச் சீமைக் கத்தரி என்றால் சௌசௌ. மூன்று காயும் ஒரு பழமும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. சேர்வராயன் மலையில் ஒரு தோட்டத்தில் நின்று பார்த்தாலே போதும்: எத்தியோப்பியாவின் காப்பி, 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இங்கே வந்தது, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், அதன்மேல் ஏறுவது நம் மிளகுக் கொடி, ஓரத்தில் மெக்சிகோவின் பட்டர் ஃப்ரூட். கொடியைப் பிடுங்கிவிட்டு மரத்தை மட்டும் நம்முடையதில்லை என்று எப்படிப் பிரிப்பது?

தாய்லாந்தில் துளசியைச் சமைக்கிறார்களாமே?
– வாசகி, மேட்டூர்

ஆம். 'கப்ராவ்' என்பது துளசியே. ஆறு பல் பூண்டும் ஆறு மிளகாயும் ஒன்றிரண்டாக இடித்து, சூடான எண்ணெயில் கொத்துக்கறி 250 கிராமோடு தீயைக் கூட்டி வதக்கி, மீன் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன் போட்டு, ஒரு கப் இலையைக் கடைசியில் போட்டுப் புரட்டி இறக்குவார்கள். இலையின் கார மணம் சூட்டில் அரை நிமிடத்தில் எழும். அதற்குமேல் வைத்தால் போய்விடும். மாடத்துத் துளசியை அடுப்பில் போட மனம் வராத வீட்டில் திருநீற்றுப் பச்சிலையைப் போடுங்கள். அது வேறு பதார்த்தம். தாய்லாந்திலும் அதைத் தனிப் பெயரில் செய்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை.

மாம்பழமும் ஒட்டும் அரிசியும் சேர்ந்த இனிப்புக்கு நம் ஊர் மாம்பழத்தில் எது? சாதா பச்சரிசி போதுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

மல்கோவா அல்லது இமாம் பசந்த். நார் இருக்கும் பழம் வேண்டாம். பச்சரிசி ஆகாது, எவ்வளவு குழைத்தாலும் அது களியாகுமே தவிர ஒட்டாது. அரிசியின் மாவில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு உண்டு. ஒட்டும் அரிசியில் முதலாவது அநேகமாக இல்லை. நம்மிடம் அந்த இனத்தில் கிடைப்பது கறுப்புக் கவுனி. ஒரு கப் கவுனியை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, இட்லிப் பானையில் துணி விரித்து முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். பாதியில் ஒருமுறை தண்ணீர் தெளித்துப் புரட்ட வேண்டும். வெள்ளை ஒட்டும் அரிசி கிடைத்தால் நான்கு மணி நேர ஊறலும் இருபத்தைந்து நிமிட ஆவியும் போதும். முக்கால் கப் தேங்காய்ப்பாலில் கால் கப் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துச் சூடாக வைத்திருந்து, அரிசி இறக்கிய சூட்டிலேயே ஊற்றிக் கிளறி மூடுங்கள். ஆறிய அரிசியில் ஊற்றினால் பால் உள்ளே இறங்காமல் அடியில் தேங்கும். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் பால் முழுவதையும் குடித்திருக்கும். பழத்தை அப்போதுதான் நறுக்க வேண்டும்.